காலில் மஞ்சள் நூல்

பஞ்சாரக் கூடையைத் தூக்கியதும் மற்றக் கோழிகள் எப்போதும்போல ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு குப்பைமேட்டைப் பார்த்து ஓடின. கீரி மட்டும் ஓடவில்லை. கூடை இருந்த வட்டத்துக்குள்ளேயே வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாத்து நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி நின்றது. கீரிப்பிள்ளையின் நிறம் என்பதால் அதற்கு அந்தப் பேர். ராஜேஸ்வரி ஒரு கை கம்பை அதன் முன்னால் போட்டாள். அது குனிந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடி மூடித் திறந்தது. பிறகு முக்கியது. முக்கும்போது உடம்பு மொத்தமும் ஒருதரம் சுருங்கி விரிந்தது. ஒன்றும் வரவில்லை.

விடிவதற்கு முன்பிருந்தே சாரல். கார்த்திகைச் சாரலுக்குச் சத்தம் கிடையாது. ஆளை நனைப்பதுபோலவும் இருக்காது, கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் சேலை பிழிகிற மாதிரி இருக்கும். கரிசல் குழைந்து, நடக்கிறவர்கள் காலில் ஆளுக்கொரு செருப்பு கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் மழை பரவாயில்லை. குதிரைவாலி முழங்கால் உயரத்துக்கு நின்றது. களையும் அதே உயரத்துக்கு நின்றது. நல்லமுத்து புஞ்சையில் அன்றைக்குக் களையெடுப்பு. ராஜேஸ்வரியும் ஒரு ஆள். தூக்குச்சட்டியில் சோறும் பருப்புத் துவையலும் வைத்து, களைக்கொத்தையும் எடுத்து வாசலில் சாய்த்துவிட்டுத்தான் கோழிகளைத் திறந்துவிட வந்திருந்தாள்.

தெருமுக்கிலிருந்து பெண்கள் கூப்பிட்டார்கள்.

"ஏ ராஜேஸ்வரி, வாரியா? வெயில் வந்தப்பறம் போனா நல்லமுத்து மூஞ்சிய யாரு பாக்குறது?"

"இன்னைக்கு எங்கத்தா வெயில் வரப்போகுது? நீங்க நடங்க. நான் பின்னால வாரேன்."

"என்ன, வீட்டுல விருந்தாளா?"

"கோழிக்கு என்னமோ ஆகிப்போச்சு."

அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். கோழிக்காக வேலையை விடுகிறவள் என்று அன்று பொழுது சாயும்வரை புஞ்சையில் பேச்சு ஓடும் என்பது அவளுக்குத் தெரியும். ஓடட்டும்.

கீரியைத் தூக்கி மடியில் வைத்தாள். வலது காலில் மஞ்சள் நூல். மஞ்சள் போய் அழுக்கேறி, சணல் மாதிரி ஆகிவிட்ட நூல். அதை அவள்தான் கட்டினாள்.

அவள் புருஷன் வீரணன் கரிமூட்டம் போடுகிற இடங்களிலிருந்து கரி மூடை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி ஓட்டியவர். ஒருநாள் வீரசோழன் பக்கம் லோடு இறக்கப் போனவர், திரும்பும்போது சட்டைப் பையில் ஒரு கோழிக்குஞ்சைப் போட்டுக்கொண்டு வந்தார். பையிலிருந்து தலை மட்டும் எட்டிப் பார்த்தது. "வழி பூராம் என்கூடப் பேசிக்கிட்டே வந்துச்சு. ஒன்னவிடக் கொஞ்சம் கம்மிதான்" என்றார். அந்தக் குஞ்சு வளர்ந்து வெடக்கோழியாகி நின்ற சமயத்தில்தான் அவரை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த ராஜேஸ்வரி, கண்ணில் பட்ட அந்தக் கோழியைப் பிடித்து, காலில் மஞ்சள் நூலைக் கட்டினாள். 'இருளப்பா, அவுக இந்த வாசலுக்கு நடந்து வந்துட்டா இது ஒனக்கு' என்று வேண்டிக்கொண்டு திரும்பப் பஸ் ஏறினாள்.

மாசி மாதம் அவர் வந்தார். ஆம்புலன்ஸில் வந்தார்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கோழியைச் சாமிக்குக் கொடுக்கவும் இல்லை, நூலை அவிழ்க்கவும் இல்லை. கொடுப்பதற்கு மனசு வரவில்லை. அவிழ்ப்பதற்குத் தைரியம் வரவில்லை. கீரி பாட்டுக்கு மேய்ந்தது, முட்டை போட்டது, அடை உட்கார்ந்தது.

பக்கத்து வீட்டிலேயே கடை வைத்திருக்கிற சுப்பம்மாள், பால் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவள், மடியில் கோழியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். வயசில் மூத்தவள். வாயிலும் மூத்தவள்.

"என்னடி, தாலாட்டா?"

"முக்குதுக்கா. ஒண்ணும் வரல. தீனியும் எடுக்கல."

சுப்பம்மாள் கையை விட்டு வயிற்றடியைத் தடவினாள். முகம் மாறியது. "கல்லு மாதிரி நிக்கிது. முட்டை மாட்டிக்கிருச்சுடி. பெரிய முட்டை. நேத்து போட்டுச்சா?"

"முந்தாநாளும் போடல. மழைக்கு நிறுத்திருச்சாக்கும்னு இருந்துட்டேன்."

"அமுக்கிக் கிமுக்கித் தொலச்சிராத. உள்ள ஒடஞ்சுச்சு, பொழைக்காது."

பேச்சு முடிவதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வீரணனின் தம்பி மொக்கையன். எம்.ரெட்டியபட்டிக்கும் திருச்சுழிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். தினமும் காலையில் முதல் சவாரிக்குப் போகும்போது மதினி வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்துவான். "டவுனுல எதுவும் வாங்கணுமா மதினி?" என்பான். இறங்க மாட்டான். அண்ணன் காரியம் முடிந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து அவன் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. கோபம் ஒன்றும் கிடையாது. உட்கார்ந்தால் அண்ணன் உட்காருகிற இடம் தெரியும். அவ்வளவுதான்.

அன்றைக்கு இறங்கினான். விஷயத்தைக் கேட்டான். கோழியின் காலைப் பார்த்தான்.

"மதினி, நான் சொல்றேன்னு கோவிக்காதீக. இது நேந்துவிட்ட கோழி."

"தெரியும்."

"செத்துப்போச்சுன்னா சாமிக்குனு விட்ட உசுரு வீணாப்போகும். இன்னைக்கு வெள்ளிக்கெழமை. இருக்கும்போதே கோயில்ல கொண்டுபோய்க் குடுத்துருவோம்."

"நான் வேண்டுனது நடக்கல தம்பி. நடந்து வந்தாத்தான குடுக்கிறேன்னேன்."

"சாமிகிட்டக் கணக்கா பேசுறது?"

"பின்ன என்ன பேசுறது? நான் கேட்டது ஒண்ணு. அது குடுத்தது ஒண்ணு. கோழிய மட்டும் கேட்டு வாங்கிக்கிருமாக்கும்?"

மொக்கையன் தலையைக் குனிந்துகொண்டான். சாரல் அவன் காக்கிச் சட்டையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. "ஆடியில விலக்கு ரோட்டுகிட்ட வண்டி கவுந்துச்சு. போன மாசம் பாப்பாவுக்குக் காச்சல் விட்டபாடில்ல. வீட்டுல பொம்பள தெனமும் சொல்லுறா, குடுக்க வேண்டியதக் குடுக்காம வச்சிருக்கோம்னு. நான் ஒங்களக் குத்தம் சொல்லல மதினி. எனக்குப் பயமா இருக்கு."

அவன் பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டபோது ராஜேஸ்வரியும் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து இந்த நூலைத்தான் நினைத்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"திருச்சுழி சவாரி போயிட்டு வா. அதுக்குள்ள பாப்போம்" என்றாள்.

"வந்தப்பறமும் இப்பிடியே இருந்தா?"

"இருந்தா, நீ சொல்றபடி."

வண்டி போன பிறகு சுப்பம்மாள் வேலையைத் தொடங்கினாள். "அடுப்பப் பத்த வையி. வெதுவெதுன்னு வேணும். நீ குளிக்கிற சூடு இல்ல. கைக்கொழந்தைக்கு ஊத்துற சூடு."

விறகு ஈரம். புகைந்து புகைந்து கண்ணைக் கரித்தது. கரி ஏற்றிய வண்டிக்காரன் வீட்டில் ஒரு சாக்குக் கரி எப்போதும் மிச்சம் இருந்தது; அதைத் தொட மனசில்லாமல் வைத்திருந்தாள். இப்போது இரண்டு கை அள்ளி அடுப்பில் போட்டாள். கனன்று பிடித்துக்கொண்டது. அன்னக்கூடைப் பாத்திரத்தில் வெந்நீரை விளாவி, முழங்கையை விட்டுப் பார்த்து, கீரியைப் பின்பக்கம் மூழ்கும்படி உட்கார வைத்தாள். முதலில் காலை உதறியது. அப்புறம் சூடு பிடித்ததும் அப்படியே அமர்ந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டது.

போன் அடித்தது. மகள் அனுசியா. மதுரையில் ஜவுளிக்கடையில் வேலை. கடை திறப்பதற்குள் அம்மாவுக்கு ஒரு தடவை பேசிவிடுவாள்.

"வேலைக்குப் போகலையாம்மா?"

"கோழியக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன்."

"என்னது?"

சுப்பம்மாள் போனை வாங்கி விஷயத்தைச் சொன்னாள். "இருங்க பெரியம்மா, பாத்துச் சொல்றேன்" என்ற குரல் வந்தது. பிறகு அனுசியா கடகடவென்று சொன்னாள்: "பெரியம்மா, வீடியோவுல பாத்தேன். வெந்நி சரிதானாம். வெளிய எடுத்துத் துணியில சுத்தி, இருட்டான எடத்துல வைக்கணுமாம். வாய்ப்பக்கம் எண்ணெ தடவணுமாம்."

"வாயிலயா?"

"ஐயோ, முட்டை வர்ற வாயில!"

"தெளிவாச் சொல்லு பிள்ள. நான் பாட்டுக்கு அலகுல வெளக்கெண்ணெய ஊத்திருப்பேன்."

ராஜேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அனுசியா அதைக் கேட்டாள் போலிருக்கிறது. "அம்மாவா சிரிக்கிறா?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "செத்துராதுல்ல பெரியம்மா? அது அப்பா கோழி" என்றாள்.

"வையி போன. ஓங்கடையில சேலை மடிக்கிற வேலையப் பாரு" என்று சுப்பம்மாள் வைத்துவிட்டாள்.

கொடியில் கிடந்த வீரணனின் துண்டை எடுத்துக் கீரியைச் சுற்றினாள் ராஜேஸ்வரி. விளக்கெண்ணெயை விரல் நுனியில் தொட்டு, மெல்ல உள்பக்கம் தடவினாள். விரல் நுனியில் ஓடு இடித்தது. கடினமாக, சூடாக. "இருக்குக்கா. இந்தா பக்கத்துலதான் இருக்கு." அடுப்பு மூலையில் கூடையைக் கவிழ்த்து, சாக்கைப் போட்டு மூடிவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து முக்கல் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. கடைக்கு ஆள் வந்து கூப்பிட, சுப்பம்மாள் எழுந்து போனாள்.

சாக்கை விலக்கிப் பார்த்தாள். முட்டை இல்லை. கீரியின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கொண்டை வெளிறிப்போய் இருந்தது.

அந்த நேரத்தில் ஆட்டோ வந்தது. மொக்கையன் கையில் ஒரு பை. பைக்குள் மஞ்சள் பொடியும் எலுமிச்சம்பழமும் பத்தியும் இருந்தது அவன் சொல்லாமலே தெரிந்தது. பையைக் கதவு ஆணியில் மாட்டினான்.

"இன்னொருக்க வெந்நியில வச்சுப் பாக்கேன் தம்பி. ஒரே ஒருக்க. அக்கா கடைக்குப் போயிருச்சு. ஒத்தையா முடியல, நீ பிடி."

"நானா?"

"ரெக்கைய அணைச்சுப் பிடி. போதும்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். உட்காருவதற்கு முன் சுவரோரம் ஒரு பார்வை பார்த்தான். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் கோழியை வாங்கினான். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. கோழியின் நெஞ்சு அந்தக் கைக்குள் அடித்துக்கொண்டது. தண்ணீருக்குள் இறக்கினார்கள். ராஜேஸ்வரி கையால் வெந்நீரை மொண்டு மொண்டு முதுகில் விட்டாள். தண்ணீர் ஆறி, இனிப் போதும் என்று மொக்கையன் வெளியே தூக்கினான்.

தூக்கிய அந்த நொடியில், கீரி தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பியது. இருவர் முகத்திலும் தண்ணீர் தெறித்தது.

மொக்கையன் அப்படியே நின்றான். ராஜேஸ்வரியின் கை பாத்திரத்தின் விளிம்பிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தில் அதற்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. கிடாயோ கோழியோ, சாமி முன்னால் நிறுத்தித் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிலுப்பும்வரை காத்திருப்பார்கள். சிலுப்பிய பிறகு காத்திருக்க மாட்டார்கள்.

"மதினி" என்றான் மொக்கையன். "உத்தரவு ஆகிப்போச்சு."

நனைந்த கோழி என்றால் உதறத்தான் செய்யும் என்று சொல்ல ராஜேஸ்வரிக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவளும் அதே கோயில் வாசலில் நின்று, கிடாய் சிலுப்பியதும் குலவை போட்டவள்தான்.

"அவுக்கவும் தைரியமில்ல, குடுக்கவும் மனசில்ல எனக்கு" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "சரி. எடுத்துட்டுப் போ."

அவன் துண்டைத் தேடினான். வாசலில் சுப்பம்மாளின் குரல் கேட்டது. கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறாள். வந்ததும் நிலவரம் புரிந்துவிட்டது.

"எங்கடா தூக்கிட்டுப் போற?"

"சிலுப்பிருச்சு பெரியம்மா. நாங்க ரெண்டு பேரும் பாத்தோம்."

"சிலுப்பட்டும். வயித்துல முட்டையோடயா கொண்டுபோய்க் குடுப்ப? செனையாட்ட என்னைக்காச்சும் ஒங்க கோயில்ல வெட்டியிருக்கீகளா?"

மொக்கையன் நின்றான்.

"கேக்குறேன்ல? ராமசுப்பு வீட்டுப் பொட்ட ஆடு, நேந்துவிட்டது, வயித்துல குட்டின்னு தெரிஞ்சதும் என்ன செஞ்சீக? மாலையக் கழட்டித் திருப்பி ஓட்டிட்டுத்தான வந்தீக? நீதானடா கயிறப் பிடிச்சுட்டு வந்த?"

"ஆமா."

"அப்ப மொதல்ல பிள்ளையப் பெற வைங்கடா. அதுக்கப்பறம் ஓஞ்சாமியும் நீயும் பேசிக்கிருங்க."

மொக்கையன் சட்டென்று உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு அவன் அந்த வேலையைப் பார்த்த விதம் வேறு. சாமிக்குச் சேரவேண்டியது சுத்தமாகச் சேரவேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, வேட்டி கட்டின மாப்பிள்ளை மாதிரி முதுகை நேராக வைத்துக்கொண்டு, கோழியைத் தொடைமேல் அணைத்து, ஒரு கையை நெஞ்சுக்கும் ஒரு கையை வயிற்றடிக்கும் கொடுத்தான். ராஜேஸ்வரி மறுபடி எண்ணெய் தடவினாள். சுப்பம்மாள் வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து ஒத்தடம் வைத்தாள்.

"அமுக்காத."

"அமுக்கல."

"அது முக்குறப்ப கையத் தாங்கலா அண்டக் குடு. முக்கலன்னா விட்டுரு."

"சரி, சரி. எத்தனை பிள்ளைக்கு மருத்துவம் பாத்தீக நீங்க?"

"ஒன்னப் பெக்கிறப்பக் கூட நின்னவடா நான். நீயும் இப்பிடித்தான் வரமாட்டேன்னு அடம்பிடிச்ச."

கீரி முக்கியது. சிவப்பாக ஒரு வளையம் விரிந்தது. அதற்குள் வெள்ளையாக, நகத்தளவு, ஓடு தெரிந்தது. உள்ளே போனது. மறுபடி தெரிந்தது.

"தெரியிது மதினி! தெரியிது!" மொக்கையன் கத்திவிட்டான். "தாயி, இன்னும் ஒரு தடவ. ஒரே ஒரு தடவ தாயி. வாடி, வந்துரு."

கோழியைத் தாயி என்றதை அவன் கவனிக்கவில்லை. ராஜேஸ்வரி கவனித்தாள்.

கீரி அலகைத் திறந்து ஒரு சத்தம் போட்டது. கோழிச் சத்தம் மாதிரியே இல்லை. முட்டை அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அவ்வளவு பெரிய முட்டையை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. இரண்டு கரு நிச்சயம். ஒரு பக்கம் லேசாக ரத்தக்கோடு. ஆவி பறக்கிற சூடு.

சுப்பம்மாள் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தாள். "அடி என் ராசாத்தி" என்றாள்.

மொக்கையன் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். தொடைமேல் கீரி துவண்டு கிடந்தது, ஆனால் கண் திறந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவன் முட்டையை மதினி கையில் கொடுத்தான். எழுந்துபோய்ப் பையை எடுத்தான். செம்பில் தண்ணீர் மொண்டு மஞ்சள் பொடியைக் கரைத்தான்.

"மொறையாக் கேட்டுருவோம். முன்னால சிலுப்புனது முட்டையோட சிலுப்புனது. அது கணக்குல வராது."

கோயில் இருக்கிற கிழக்குத் திசையைப் பார்த்து, வாசலில் சாக்கை விரித்துக் கீரியை நிறுத்தினான். அது நிற்க முடியாமல் உட்கார்ந்துகொண்டது. சாரல் விட்டிருந்தது. ராஜேஸ்வரி முட்டையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"இருளப்பா, ஒம் பிள்ளைக கேக்குறோம். வேணும்னா சொல்லு." செம்பைச் சாய்த்துத் தலையில் விட்டான். மஞ்சள் தண்ணீர் கொண்டையில் பட்டு, கழுத்து வழியாக இறங்கி, சாக்கில் சொட்டியது.

கீரி அசையவில்லை.

காத்திருந்தார்கள். கீரி அலகோரம் வந்த சொட்டை நாக்கால் எடுத்துக் குடித்தது. தலையைத் தூக்கி விழுங்கியது. அவ்வளவுதான்.

செம்பில் பாதிக்குமேல் தண்ணீர் இருந்தது. சிலுப்பாத கிடாய்க்குத் திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். அப்படியும் சிலுப்பாவிட்டால் காதுக்குள் ஊற்றுவார்கள். காதில் தண்ணீர் போனால் எதுவும் சிலுப்பும். சுப்பம்மாளுக்கு இது தெரியும். ராஜேஸ்வரிக்கும் தெரியும். கோயிலில் பலமுறை அந்தச் செம்பைப் பிடித்தவன் மொக்கையன்.

மொக்கையன் கோழியைப் பார்த்தான். கதவோரம் நின்ற மதினியைப் பார்த்தான். செம்பைச் சாய்த்து, மிச்சத் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றினான்.

"வேணாம்னுருச்சு" என்றான்.

அப்புறம் குனிந்து, கீரியின் காலைப் பிடித்து, முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தான். மழையிலும் மண்ணிலும் இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அறுத்தான். நூலை மதினியிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. "சாமிகிட்டயே போட்டுரு" என்றாள். முட்டையையும் நீட்டினாள். "இதையும் குடுத்துரு. படையல்ல முட்டை வைக்கிறதுதான?"

அவன் முட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பை புடைத்துக்கொண்டு நின்றது. ராஜேஸ்வரி அந்தப் பையைப் பார்த்தாள். பார்வையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"உக்காரு தம்பி. சாப்பிட்டுப் போ."

"சவாரி..."

"துவையல்தான் இருக்கு. உக்காரு."

அவன் உட்கார்ந்தான். தூக்குச்சட்டிச் சோற்றை இரண்டு தட்டில் பிரித்துப் போட்டாள். சுப்பம்மாள் கடையிலிருந்து அப்பளம் கொண்டுவந்தாள். கீரி சாக்கிலிருந்து மெல்ல எழுந்து, காலை அகட்டி அகட்டி நடந்து வந்து, மொக்கையன் தட்டோரம் ஒரு பருக்கையைக் கொத்தியது. "அங்க ஒருத்தி கம்பு போட்டா திரும்பிப் பாக்கல. இப்ப மொக்கையன் தட்டுதான் ருசியா இருக்காக்கும்" என்றாள் சுப்பம்மாள். மொக்கையன் கோழியை விரட்டவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் ராஜேஸ்வரி களைக்கொத்தை எடுத்தாள். "கோயில் வழியாத்தான போற? என்னைய நல்லமுத்து புஞ்சையில எறக்கி விடு. அரைநாளாவது பாக்கேன்."

"ஏறுங்க மதினி. அவுக சிரிப்பாகளே?"

"சிரிக்கட்டும். எங்கிட்டயும் சொல்றதுக்கு இருக்கு."

ஆட்டோ கிளம்பித் தெருமுக்குத் திரும்பியது. ராஜேஸ்வரி தலையை நீட்டி, "வண்டிய நிறுத்து" என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டாள். இஞ்சினை அணைத்தான்.

வீட்டுப் பக்கமிருந்து கொக்கரிப்புக் கேட்டது. முட்டையிட்ட கோழி ஊரைக் கூப்பிட்டுச் சொல்கிற அந்தச் சத்தம். நின்று, மூச்செடுத்து, மறுபடி முதலிலிருந்து. அதற்கு மேலே சுப்பம்மாளின் குரல்: "ஏலே மொக்கையா, ஒங்க கோழிக்கு இப்பத்தான் நெனப்பு வந்துருக்குடா!"

அது ஓயும்வரை அவன் வண்டியை எடுக்கவில்லை. ஒரு கை சட்டைப் பையைப் பொத்தியிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மதினியும் எடுக்கச் சொல்லவில்லை.